பவானிக்கு எந்த வழி?

நரகத்திலும் வழி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘தெய்வீக நாடகம்’ காவியத்தில் அப்படித்தான் நடக்கிறது. கி.பி. 1300-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாட்களில் நடப்பதாக அமைந்த கதை அது. நடுவயதில் இருண்ட காட்டில் வழி தவறி நிற்கும் தாந்தேக்குத் துணையாக, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வருகிறார். இருவரும் நரகத்துக்குள் இறங்குகிறார்கள். வெர்ஜிலைப் பகுத்தறிவின் உருவமாகக் காண்பது உரைகாரர்களின் வழக்கம். அந்த வெர்ஜிலே ஓரிடத்தில் பேய் சொன்ன வழியை நம்பிவிடுகிறார்.

எந்த இடம் தெரியுமா? உத்தியோகத்தில் இருந்துகொண்டு லஞ்சம் வாங்கியவர்கள் கொதிக்கும் கீலில் வேகும் பள்ளம். அங்கே காவல் நிற்கும் பேய்களின் தலைவன் மாலகோதா. அடுத்த பள்ளத்தைக் கடக்கும் பாலம் இடிந்துவிட்டது என்கிறான். அது உண்மை. இடிந்து நேற்றோடு 1266 ஆண்டுகள் ஆயின என்று மணிக்கணக்கு உட்படச் சொல்கிறான். அதுவும் உண்மை. சற்றுத் தள்ளி இன்னொரு பாலம் நன்றாக இருக்கிறது, என் ஆட்கள் பத்துப் பேர் துணைக்கு வருவார்கள் என்கிறான். அது பச்சைப் பொய். பல்லை நறநறவென்று கடிக்கும் அந்தப் பத்துப் பேரைப் பார்த்ததும் தாந்தேக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்களுக்கு வழி தெரியுமானால் நாமே போய்விடலாமே என்று கெஞ்சுகிறார். வெர்ஜில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேய்களிடமிருந்து தப்பி அடுத்த பள்ளத்தில் விழுந்தால், அங்கே இருப்பவர்கள் நயவஞ்சகர்கள். வெளியே தங்கமுலாம், உள்ளே ஈயம். அப்படியொரு அங்கியைச் சுமந்துகொண்டு சுற்றிச் சுற்றி நடப்பதே அவர்களுக்குத் தண்டனை. அவர்களில் பொலோன்யா நகரத்துத் துறவி ஒருவர்தான் சரியான வழியைச் சொல்கிறார். பாலமெல்லாம் இல்லை, இடிந்து கிடக்கும் கல்லின் மேலேறிப் போங்கள் என்கிறார். வெர்ஜில் தலையைக் கவிழ்த்து நிற்கிறார். பிசாசு பொய்யன் என்று எங்கள் ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று ஒரு குத்தும் வைக்கிறார்.

புள்ளிவிவரம் பிசகாமல் சொன்னவன் ஏமாற்றினான். வாழ்நாள் முழுக்க வேஷம் போட்டவர் உண்மையைச் சொன்னார். ஆளை வைத்துச் சொல்லை எடைபோட முடியாது, சொல்லை வைத்து ஆளையும் எடைபோட முடியாது என்றால், வழி தெரியாதவன் எதைத்தான் நம்புவது?

இது நரகத்துக் கேள்வி மட்டுமல்ல. பவானி லட்சுமி நகர் பைபாஸில் நாள்தோறும் எழும் கேள்வி.

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் ஓடும் தொலைதூரப் பேருந்துகள் பல ஊருக்குள் வருவதில்லை. பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கூடுதுறைக்கு வருகிறவர்கள். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடுமிடம். திருஞானசம்பந்தர் திருநணா என்று பாடிய தலம். ஆடிப் பதினெட்டுக்கு வருகிறவர்கள், அமாவாசைக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள், அஸ்தியைக் கலயத்தில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், கார்த்திகை மார்கழியில் மாலை போட்டுக்கொண்டு சபரிமலை போகும் வழியில் முழுக்குப் போட வருகிறவர்கள். கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், தமிழே ஆனாலும் கொங்குப் பேச்சுப் பிடிபடாதவர் என்று பலரும் உண்டு. அவர்கள் டீக்கடையில் நிற்கும் யாரோ ஒருவரிடம் போய்க் கேட்கிறார்கள். அவர் யார், எந்த ஊர், இதற்கு முன் உண்மை பேசியவரா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. முன்பின் தெரியாத அந்த ஆளிடம் நூறு ரூபாயை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் தகப்பனாரின் அஸ்தியோடு, ராத்திரி நேரத்தில், அவர் காட்டிய சந்துக்குள் நடந்துவிடுவார்கள்.

இந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று இந்தியத் தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறர் சொல்லக் கேட்டு அறிவது அறிவைத் தரும் ஒரு தனி அளவையா, இல்லையா என்பது அவர்களுக்குள் பல நூற்றாண்டு வழக்கு. சாருவாகர் கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டார். லட்சுமி நகரில் இறங்கும் சாருவாகர் ஒவ்வொரு தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கூடுதுறையை அடைய வேண்டும், பாவம். வைசேடிகரும் பௌத்த அளவை நூலாரும் பிறர் சொல்லை நம்புவதும் ஒருவகை அனுமானம்தான் என்றார்கள். நியாய நூலாரும் மீமாம்சகரும் அதைத் தனி அளவையாகவே வைத்தார்கள். தமிழ்ச் சைவத்தில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சி, கருதல், உரை என்ற மூன்றை அளவையாகக் கொண்டார். ‘ஆற்றங்கரையில் ஐந்து கனிகள் இருக்கின்றன’ என்று வழிப்போக்கன் சொல்வதைக் கேட்டு ஒருவன் நடப்பது வடமொழித் தர்க்க நூல்களில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம். பெரிய தத்துவத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமும் வழிப்போக்கன் பேச்சுதான்.

நியாய சூத்திரத்துக்குப் பழைய உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதில் ஒரு படி மேலே போகிறார். நம்பத்தக்கவன் யார்? ஒரு பொருளை நேராக அறிந்தவன், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவன். இவ்வளவுதான் அவர் இலக்கணம். இது ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் சேர்த்துக்கொள்கிறார். குலம், கோத்திரம், கல்வி, ஒழுக்கம் என்று எதையும் அவர் கேட்கவில்லை. தாந்தேயின் நயவஞ்சகத் துறவி இந்தத் தேர்வில் தேறிவிடுவார். அந்தப் பள்ளத்தில் அவர் நடக்காத இடமில்லை, பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. மாலகோதாவுக்கு முதல் தகுதி இருந்தது, இரண்டாவது இல்லை. லட்சுமி நகர் டீக்கடைக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது கூடுதுறைக்கு வழி சொல்ல ஒரு பொருட்டே அல்ல.

சாலைக்கு இந்த இலக்கணம் போதும். வீடுபேற்றுக்குப் போகும் வழியை ஒருவர் சொன்னால்? அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாரா என்று எப்படிச் சரிபார்ப்பது? சமயம் என்று வந்தால் இந்த இடத்தில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கலை இத்தாலியர் ஒருவர் நடந்தே காட்டியிருக்கிறார். 1577-ல் பிறந்த ஏசு சபைத் துறவி ரொபெர்ட்டோ தெ நொபிலி 1605-ல் கோவாவில் இறங்கி, 1606-ல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். தாய்மொழியில் வழி கேட்கத் தெருவில் ஒரு நாதியில்லை. தமிழ் கற்றார், தெலுங்கு கற்றார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் வடமொழி கற்றார். காவி உடுத்திக் கட்டைப் பாதுகை போட்டு, புலால் நீக்கி, ஒரு வேளை உண்டு, துறவியாகவே வாழ்ந்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பரங்கி என்று யாராவது சொன்னால் மறுத்தார். மிலேச்சன் சொல்லும் செல்லும் என்று வாத்ஸ்யாயனர் எழுதி வைத்திருக்கலாம், மதுரைத் தெரு அப்படி நினைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய இந்த முறைக்குச் சொந்த சபைக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்த பிறகே ஓய்ந்தது. அதே ஆண்டு அவர் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று போன பயணம் அது. கொங்கு மண்ணின் விளிம்பு. சேலத்திலிருந்து பவானி இன்றைக்கு ஒன்றரை மணி நேர பஸ் தூரம்.

அந்தப் பயணத்தில் நாலு பேரிடம் கேட்காமல் அவர் நடந்திருக்க முடியாது. மைல்கல் அரிதாக இருந்த காலம். ஆற்றை எங்கே இறங்கிக் கடக்கலாம், சத்திரம் எங்கே இருக்கிறது, எந்தப் பாளையக்காரர் எல்லை எங்கே முடிகிறது என்பதெல்லாம் வாயால் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியவை. சேலத்துக்கு வழி கேட்ட மனிதர் வீடுபேற்றுக்கு வழி சொல்ல வந்தவர் என்பதுதான் இதில் சுவாரசியம். உங்கள் வேதங்களில் ஒன்று தொலைந்துவிட்டது, முக்திக்கு வழி காட்டும் அந்த வேதத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவர் மதுரையில் போதித்தார். மண்ணில் நடக்கும் வழிக்கு ஊரார் சொல்லே போதும், விண்ணுக்கு நடக்கும் வழிக்கு மட்டும் தன் சொல்லே வேண்டும் என்ற நிலை. அவரை இதற்காகக் கேலி செய்வது எளிது. ஆனால் சமயம் பரப்பிய எவரும், எந்தச் சமயத்தவராயினும், இந்த நிலையில் நின்றவர்கள்தான். நொபிலி மற்றவர்களைவிட நிறையக் கேட்டார், நிறையக் கற்றார் என்ற அளவில் மதிப்புக்குரியவர். கண்பார்வை மங்கிய கிழவராக 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார்.

அவருக்கு முன்பே இன்னோர் இத்தாலியர் பவானி ஆறு பிறக்கும் மலைக்கே ஏறியிருக்கிறார். காப்புவா ஊரைச் சேர்ந்த ஜியாகோமோ பெனிசியோ, கோழிக்கோட்டில் இருந்த ஏசு சபைத் துறவி. மலை மேல் வழிதப்பிப்போன கிறித்தவர்கள் வாழ்கிறார்கள் என்று மலபார் பக்கம் ஒரு வதந்தி. அதை நம்பி 1603-ல் அவர் நீலகிரிக்கு ஏறினார். அங்கே கண்டது தோடர்களை. எருமையும் பாலும் அவர்களுக்குத் தெய்வக் காரியம். நீள முடி வைத்த அவர்களின் பூசாரியிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு விசாரித்தார். கிறித்தவத்தின் சாயல்கூட இல்லை. பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார், அவர்கள் மகிழ்ந்தார்கள். அவருடைய அறிக்கையை மூன்று நூற்றாண்டு கழித்து, 1906-ல், ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் தோடர்களைப் பற்றிய தன் பெரிய நூலில் பின்னிணைப்பாகச் சேர்த்தார். தோடர்களைப் பற்றி வெளியார் எழுதிய முதல் குறிப்புகளில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

பெனிசியோவின் பயணத்திலிருந்து வழி கேட்பவர்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. ‘இந்த வழி பவானிக்குத்தானே போகுது?’ என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் ‘ஆமாங்க’ என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. வந்த ஆளின் முகம் கோணக்கூடாதே என்ற நல்ல மனசு. ‘பவானிக்கு எந்த வழி?’ என்று கேட்டால் மட்டுமே எதிராளி யோசிக்க வேண்டியிருக்கும். மலை மேல் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களாமே என்று கேட்டவர்களுக்கு, இருக்கிறார்களாம் என்றே பதில் வந்து சேர்ந்திருக்கும். ஏறிப் போய் எந்த மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே உண்மை வந்தது. கடவுளைப் பற்றிய கேள்விகளிலும் பெரும்பகுதி முதல் வகைதான். விடையை மடியில் கட்டிக்கொண்டு கேட்கப்படுபவை.

தமிழில் வழி சொல்லுதல் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பரிசில் பெற்று வருகிற கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொருவனை வள்ளலிடம் அனுப்பிவைப்பதே ஆற்றுப்படை. போய்வந்தவன் சொல்கிறான், கையில் பரிசும் இருக்கிறது. வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டு தகுதியும் நிறைவு. மலைபடுகடாம் நன்னனின் மலைக்குப் போகிறவர்களை எங்கே கல் வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் என்று எச்சரித்து அனுப்புகிறது. வள்ளல் இருந்த இடத்தில் முருகனை வைத்தது திருமுருகாற்றுப்படை. அந்த மாற்றத்தோடு வழிகேட்பு பக்தியாகிவிட்டது.

ஆனால் வழி சொல்பவரின் சமயமும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைச் சிலப்பதிகாரம்தான் நேருக்கு நேர் எடுக்கிறது. காடுகாண் காதையில் கோவலன் மதுரைக்கு வழி கேட்கிறான். மாங்காட்டு மறையோன் திருமால் பக்தர். கொடும்பாளூர்க் குளத்துக்கு அப்பால் பாதை சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறார். வலப்பக்கம் போனால் சிறுமலையைக் கடந்து போகலாம். இடப்பக்கம் போனால் திருமால் குன்றம். அங்கே ஒரு குகை, மூன்று பொய்கைகள். ஒன்றில் முழுகினால் ஐந்திர இலக்கணம் கைவரும், ஒன்றில் பழம்பிறப்புத் தெரியும், ஒன்றில் நினைத்தது கிட்டும். இன்ன மந்திரத்தைச் சொல்லுங்கள், இன்ன தெய்வம் தோன்றும் என்று நீண்டுகொண்டே போகிறது. வழி கேட்டவனுக்கு வைணவமே கையில் கிடைத்துவிட்டது. நடுவழியில் போனால் ஒரு கானுறை தெய்வம் ஆசைகாட்டி மயக்கும், எச்சரிக்கை என்றும் சொல்கிறார்.

கூட இருக்கும் கவுந்தியடிகள் சமணத் துறவி. பொய்கைகளால் எங்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, அதெல்லாம் அருகன் நெறியிலேயே கிடைக்கும் என்று பணிவு குறையாமல் மறுத்துவிடுகிறார். பிறகு அவர் செய்வதுதான் அழகு. மறையோனின் சமயத்தை விட்டுவிட்டுச் சாலையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மூவரும் நடுவழியில் நடக்கிறார்கள். தண்ணீர் தேடிப் போன கோவலன் முன் அந்தத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து அழுகிறது. மறையோன் சொன்னது நினைவுக்கு வந்து, கோவலன் கொற்றவை மந்திரம் சொல்லித் தப்புகிறான். வைணவர் சொன்ன எச்சரிக்கை, சமணர் தேர்ந்த பாதை, கொற்றவை மந்திரம். மூன்று சமயமும் சேர்ந்து ஒரு வணிகனை மதுரைக்குக் கொண்டுசேர்த்தன. போய்ச் சேர்ந்த மதுரையில் அவனுக்கு நேர்ந்தது வேறு கதை.

இந்த இடத்தில் உபநிடதத்தையும் பௌத்த நூலையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி மகன் சுவேதகேதுவுக்கு ஒரு கதை சொல்கிறார். காந்தாரத்தான் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஆளரவமற்ற காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாலு திக்கும் பார்த்துக் கத்துகிறான். யாரோ ஒருவர் கட்டை அவிழ்த்து, காந்தாரம் அந்தத் திசையில், போ என்கிறார். அவன் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்கிறான். குருவை உடையவனே அறிவான் என்பதற்கு இந்தக் கதையை மேற்கோள் காட்டுவது மரபு. மேற்கோள் காட்டுகிறவர்கள் ‘ஊர் ஊராக விசாரித்து’ என்ற பகுதியை விரைந்து கடந்துவிடுவதும் மரபுதான். கட்டை அவிழ்த்தவர் திசையைத்தான் சொன்னார். மீதி வழியைச் சொன்னவர்கள் பெயர் தெரியாத ஊர்க்காரர்கள்.

மஜ்ஜிம நிகாயத்தின் 107-ஆவது சூத்திரத்தில் கணக்கரான மொக்கல்லானர் என்ற பிராமணர் புத்தரிடம் நெருக்கடியான ஒரு கேள்வி கேட்கிறார். நீங்கள் இருக்கிறீர்கள், நிப்பானம் இருக்கிறது, அதற்குப் பாதையும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் சீடர்களில் சிலர் அடைகிறார்கள், சிலர் அடைவதில்லையே, ஏன்? புத்தர் திருப்பிக் கேட்கிறார்: ராஜகிருகத்துக்கு உங்களுக்கு வழி தெரியுமா? தெரியும். ஒருவன் கேட்டால் சொல்வீர்களா? சொல்வேன். நீங்கள் அடையாளம் அத்தனையும் சரியாகச் சொல்லியும் ஒருவன் தப்பான பாதையில் மேற்கே போய்விடுகிறான், இன்னொருவன் பத்திரமாகப் போய்ச் சேர்கிறான், ஏன்? நான் என்ன செய்ய, நான் வழி சொல்பவன்தானே என்கிறார் கணக்கர். நானும் அவ்வளவுதான் என்கிறார் புத்தர். ஒரு சமயத் தலைவர் தன் பொறுப்பின் எல்லையை இவ்வளவு நேர்மையாகக் கோடு போட்டுக் காட்டிய இடம் அரிது. நடப்பதை அவரால் நமக்காகச் செய்ய முடியாது. ஆசி, தாயத்து, சந்தா ஆகியவற்றின் வழியே அதையும் செய்து தருவதாகச் சொல்கிறவர்களை எந்தப் பள்ளத்தில் வைப்பது என்று தாந்தேயைத்தான் கேட்க வேண்டும்.

கிரேக்கத்தில் சாக்ரடீசும் இதே உதாரணத்தைத் தொட்டார். லாரிசா ஊருக்குப் போயிருக்காமலே வழியைச் சரியாக ஊகித்திருப்பவனும் கூட்டிப்போவான், போய்வந்தவனும் கூட்டிப்போவான் என்றார். அப்படியானால் அறிவுக்கு என்ன தனி மதிப்பு என்று அவரோடு உரையாடிய மேனோ கேட்டார். ஊகம் ஓரிடத்தில் நிற்காது, ஓடிவிடும், காரணம் தெரிந்து கட்டிவைத்தால்தான் நிற்கும் என்பது சாக்ரடீசின் விடை. எதிரே வருகிறவன் ‘அந்த வழி இல்லீங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊகத்தில் வந்தவன் ஆடிப்போவான், போய்வந்தவன் ஆடமாட்டான்.

போய்வராத குருவின் பின்னால் போனால் என்ன ஆகும் என்று சிரிக்கச் சிரிக்க எழுதியவரும் இத்தாலியர்தான். 1680-ல் காஸ்திலியோனே ஊரில் பிறந்த பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். அவருடைய பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார்கள். சுர்ரென்று புகைந்ததும், ஐயோ விழித்திருக்கிறது என்று ஓடிவருகிறார்கள். அக்கரை போனதும் ஒருவன் எண்ணுகிறான், தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஓர் ஆள் குறைகிறது, ஒப்பாரி தொடங்குகிறது. அந்தக் குழுவில் ஒருவருக்கும் அக்கரையில் நிற்கும் ஆளைக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. குருவே கூட இருக்கும்போது வேறு ஆளை எதற்குக் கேட்பது? 1822-ல் பாபிங்டன் லண்டனில் அச்சிட்டபோது ஐரோப்பியரும் படித்துச் சிரித்தார்கள். கீழைநாட்டுக் குருமாரைப் பற்றிய கேலி என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். எழுதியவரும் குருவாக இருந்தவர்.

கேட்காமலே வழி கிடைத்த கதையும் பவானியில் இருக்கிறது. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ பவானி மாளிகையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னப் பெண் வந்து எழுப்பி, கையசைத்து வெளியே கூட்டிப்போனாளாம். வெளியே வந்ததும் கட்டடம் இடிந்து விழுந்ததாம். பெண்ணைக் காணோம். வந்தது கூடுதுறைக் கோயிலின் வேதநாயகி அம்மன்தான் என்று ஊர் சொல்லிற்று. இந்துவல்லாத கலெக்டர் கோயிலுக்குள் வரமுடியாததால், வெளியிலிருந்து அம்மனைப் பார்க்க மதிலில் மூன்று துளைகள் இட்டார்கள் என்பார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். 1804-ஆம் ஆண்டு தேதியும் அவர் கையெழுத்தும் உள்ள தந்தக் கட்டில் அந்தச் சங்கமேசுவரர் கோயிலில் இருக்கிறது. அன்று அந்தக் கலெக்டர் ‘நீ யார், எங்கே கூப்பிடுகிறாய்’ என்று விசாரணை வைத்திருந்தால் கதையே இருந்திருக்காது.

பெரியபுராணத்தில் அப்பருக்கும் இப்படி ஒரு துணை வாய்த்தது. திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடு நடந்து வருகிறவருக்கு வழியில் ஓர் அந்தணர் பொதிசோறு கொடுக்கிறார். நானும் பைஞ்ஞீலிக்குத்தான் போகிறேன் என்று கூடவே நடக்கிறார். ஊர் நெருங்கியதும் மறைந்துவிடுகிறார். வழிகாட்டியாக வந்த சிவபெருமான் தன்னையும் வழிப்போக்கன் என்றே சொல்லிக்கொண்டார். தாந்தே நரகத்தை விட்டு வெளியேறித் தூய்மைபெறும் மலையடிவாரத்துக்கு வந்ததும், தோணியில் வந்திறங்கும் ஆன்மாக்கள் அவரிடமும் வெர்ஜிலிடமும் மலைக்கு வழி கேட்கிறார்கள். வெர்ஜில் இம்முறை தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை. நாங்களும் உங்களைப்போல் புதிதாக வந்தவர்கள்தான் என்கிறார். நரகத்தில் பட்ட அடி வேலை செய்திருக்கிறது.

கொங்குக் கிழவர்கள் வழி சொல்வதை அருகில் நின்று கேட்டால் இதே அடக்கம் தெரியும். ‘வடக்கால ஒரு பர்லாங்கு போனீங்கன்னா ஒரு வேப்பமரம் வருமுங்க. அங்க மேக்கால திரும்பிக்குங்க. அக்கட்டால போயி ஆரையாச்சும் கேளுங்க, சொல்லுவாங்க.’ இடது வலது வராது, திசைதான் வரும். கேட்பவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் வடக்கு மாறாது. தமிழ்நாட்டில் கிராமத்தார் திசைகளையும் நகரத்தார் இட வலத்தையும் கொண்டு இடம் சொல்வதை மொழியியலாளர் எரிக் பெடர்சன் 1990-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெனிஸ் நகரில் வழி கேட்டால் ‘செம்ப்ரே திரித்தோ’, அதாவது நேரே போ, என்றுதான் பதில் வரும் என்று பயணிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஐம்பதடி நேராகப் போகும் சந்து அந்த ஊரில் அபூர்வம். ஆனாலும் அந்தப் பதிலோடு ஒரு பாலம் தாண்டி இன்னொருவரைக் கேட்டு எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கிழவரின் பேச்சில் கடைசி வாக்கியம்தான் முக்கியம். தனக்குத் தெரிந்த தூரம் வரை சொன்னார், அதற்கு மேல் அடுத்தவரிடம் ஒப்படைத்தார். காந்தாரத்தான் வீடு சேர்ந்த முறையும் இதுதான்.

சமயங்கள் கெட்டுப்போகும் இடம் எது என்று கேட்டால் இங்கிருந்து ஒரு பதில் சொல்லலாம். தெரிந்த தூரத்தோடு நிறுத்தாமல், கடைசி வரைக்கும் நானே சொல்கிறேன், இடையில் எவனையும் கேட்காதே என்னும்போது கெட்டுப்போகின்றன. பேய்த் தலைவன் பத்துப் பேரைத் துணைக்கு அனுப்பியதும் இதற்குத்தான். வழியில் வேறு யாரையும் கேட்டுவிடக்கூடாது. கையிலிருக்கும் போன் காட்டும் வரைபடத்துக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. தெரியாது என்று அது சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஆடி வருகிறது, பதினெட்டும் அமாவாசையும் வரும். லட்சுமி நகரிலும் மேட்டூர் ரோட்டிலும் அந்தியூர் பிரிவிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரைகுறைத் தமிழில் ஒருவர் கூடுதுறை எங்கே என்று கேட்டால், தெரிந்த முக்கு வரைக்கும் மட்டும் சொல்லுங்கள். அவர் காட்டும் பக்கம் தப்பென்றால், முகம் சுண்டினாலும் பரவாயில்லை, தப்பு என்றே சொல்லுங்கள். நீங்களும் ஊருக்குப் புதுசு என்றால் ‘தெரியாதுங்க’ என்று சொல்லி, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுவிடுங்கள்.